காலிக் கோட்டைக்குள் நடக்கப் போறீங்களா? இந்த வழியால போய்ப் பாருங்க



போன தவணை தரம் 10 பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் காலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலிக் கோட்டை என்ற பேச்சு வந்ததும் பின் வாங்கில் இருந்து ஒரு மகன் எழும்பிக் கேட்டான்: "சேர், அது ஒல்லாந்தர் கட்டினது. இப்ப வெள்ளைக்காரங்க வாங்கிட்டாங்க. நமக்கு அதுல என்ன சேர் ஈக்கி?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளையின் வாப்பாவின் வாப்பா பிறந்தது கோட்டைக்குள். அது அவனுக்குத் தெரியாது. அவனுக்குக் கோட்டை என்றால் ஐஸ்கிறீம், மதிலில் நின்று செல்பி, கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற இடம்.

அதனால்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்க. விடுமுறை வருகிறது. வழிகாட்டிக்குக் காசு கொடுக்காமல், கையில் ஒரு வரைபடத்தோடு தானாக நடந்து பார்க்கிறது இப்போது கோட்டையில் பெரிய பெஷன். கடைகளில் அந்த வரைபடங்களும் கிடைக்கும். அவை சொல்லுகிற இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள்தான்: மணிக்கூட்டுக் கோபுரம், ஒல்லாந்தர் தேவாலயம், வெளிச்சவீடு, பிறகு மதிலில் சூரிய அஸ்தமனம். நான் சொல்லப்போவது அதே வீதிகளை வேறு வரிசையில். ஆறுதலாக நடந்தால் இரண்டு மணித்தியாலம் போதும். காலை 6.30க்குத் தொடங்குங்க, இல்லாவிட்டால் அஸருக்குப் பிறகு. நடுப்பகலில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீங்க, அந்தக் கல்லும் தாரும் சுட்டெரிக்கும்.

பஸ் தரிப்பிடத்தில் இறங்கினதும் உடனே கோட்டைக்குள் ஓடாதீங்க. ஒரு நிமிடம் நின்று பிள்ளைகளுக்கு ஒரு கல்லைப் பற்றிச் சொல்லுங்க. 1911இல் இந்த நகரத்தில், கிரிப்ஸ் வீதிப் பக்கம், ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்திருந்த கற்பலகையை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். திருப்பிப் பார்த்தால் அதில் மூன்று மொழிகளில் எழுத்து. சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் அது. அதில் உள்ள திகதி 1409. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெவிநுவர கோயிலின் தேனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி நன்றாகத் தேய்ந்துபோனாலும், அது இஸ்லாத்தைச் சார்ந்தது என்பது தெளிவு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் காணிக்கைப் பட்டியல். செங் ஹவும் யுன்னான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். (அவரை வெறும் சமாதானத் தூதராக நினைக்கவும் வேண்டாம். அதே பயணத்தில்தான் இங்கே சண்டை பிடித்து, அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள்.) கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. போர்த்துக்கீசர் வருவதற்குச் சுமார் நூறு வருடத்துக்கு முன்பே, சீனாவிலிருந்து வந்தவன் இந்தத் துறைமுகத்தில் கல் நாட்டும்போது, தமிழும் பாரசீகமும் வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அந்த மொழிகளை வாசிக்கிற ஆட்கள் இங்கே இருந்தபடியால்தானே?

அதற்கும் முன்னால், 1344இல், இப்னு பதூதா தெவிநுவரவிலிருந்து இங்கே வந்தார். அவர் எழுத்தில் ஊரின் பெயர் 'காலி'. சின்ன ஊர் என்கிறார். இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன் இடத்தில் அவருக்கு விருந்து கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறார். கோட்டை என்று ஒன்று கட்டப்படுவதற்கு இருநூறு வருடத்துக்கு மேலே முந்தின விருந்து அது. அந்த இப்ராஹீம் நாகுதாவின் வீடு எங்கே இருந்தது என்று என் மாணவர் யாராவது கேட்டால் நான் சந்தோசப்படுவேன்.

இனி உள்ளே போவோம். பெரிய வாசலால் போக வேண்டாம். அது 1873இல் ஆங்கிலேயர் மதிலை வெட்டித் திறந்தது. துறைமுகப் பக்கம் உள்ள பழைய வாசலுக்கு வாங்க. வெளிப்பக்கம் மேலே பார்த்தால் ஆங்கிலேயரின் அரச சின்னம். உள்ளே கடந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற வருடம். ஒரே சுவரின் இரண்டு முகத்திலும் இரண்டு அரசாங்கம். வாசல் குடைந்துபோகிற அந்த நீளக் கட்டடம் ஒல்லாந்தரின் பண்டகசாலை. இப்போது கடல்சார் நூதனசாலை.

இந்த வாசலில் நின்று கொஞ்சம் கசப்பான பகுதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். போர்த்துக்கீசர் 1505இல் இந்தப் பக்கம் வந்ததே சோனகக் கப்பல்களைத் துரத்திக்கொண்டு. 1588 அளவில் இந்த முனையின் தரைப் பக்கத்தை மதிலும் கொத்தளமும் போட்டு அடைத்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். அப்படிப் போனவர்களில் பெருந்தொகையானவர்களைக் கண்டி மன்னர் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். கிழக்கில் உள்ள நமது சொந்தங்கள் இந்தக் கதையை எங்களைவிட நன்றாகச் சொல்லுவார்கள். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள். 1796 வரை 156 வருடம் அவர்கள் கையில். நாங்கள் இன்று காண்கிற மதில், 14 கொத்தளம், நேர்நேரான வீதிகள், கடல்நீர் ஏறி இறங்கும்போது கழுவிப்போகிற நிலத்தடிக் கான் எல்லாம் அவர்கள் வேலை. திறமையான வேலை, மறுக்க ஏலாது. ஆனால் அவர்களும் சோனகரை வரவேற்கவில்லை. ஊழியம் என்ற கட்டாய வேலை இருந்தது. கொழும்பில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வைத்திருக்க அவர்கள் போட்ட தடையை ஆங்கிலேயர் எடுத்தது 1832இல்தான்.

வாசலால் வந்து நீதிமன்றச் சதுக்கத்து மர நிழலில் கொஞ்சம் ஆறிவிட்டு, லேன் பான் வீதியால் தெற்கே நடங்க. கயிறு திரிக்கிற இடம் என்பதுதான் அந்த ஒல்லாந்தச் சொல்லின் பொருள். கப்பலுக்கு வேண்டிய கயிறு. இந்தக் கரையில் தேங்காய்த் தும்புக்கு என்ன குறை? இதே வீதியில் ஒரு மாணிக்க வியாபாரி தன் பழைய வீட்டைத் திருத்தி, தான் சேர்த்த சாமான்களை எல்லாம் வைத்து ஒரு காட்சியகமாக்கியிருக்கிறார். கிணறு, நடுமுற்றம், விறாந்தை எல்லாம் பழைய அமைப்பில் காணலாம். ரேந்தை பின்னுகிறவர்களையும் கல் வெட்டுகிறவர்களையும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கடைசியில் கடைக்குள்தான் கொண்டுபோய் விடுவார்கள், அது வியாபாரம்.

இடையில் குறுக்கே ஓடுகிறது பெட்லர் ஸ்ட்ரீட். இங்கேதான் கனநேரம் நிற்க வேண்டும்.

இப்போது கோட்டையிலேயே ஆகப் பரபரப்பான வீதிகளில் இது ஒன்று. கோப்பிக் கடை, நகைக் கடை, லினன் உடுப்புக் கடை. பெயர்ப்பலகையை யாரும் பார்ப்பதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இதன் பெயர் 'மூர்ஸ கிராமர் ஸ்த்ராத்'. சோனகச் சில்லறை வியாபாரிகளின் வீதி என்று அர்த்தம். ஆங்கிலேயர் அதை மொழிபெயர்க்கும்போது வியாபாரியை வைத்துக்கொண்டார்கள், சோனகரை விட்டுவிட்டார்கள். ஒரு சொல் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் இன்று ஒரு பிள்ளை அந்தப் பலகையை வாசித்தால் தன் ஆட்கள் அங்கே இருந்ததற்கு ஒரு அடையாளமும் கிடைக்காது. பக்கத்திலேயே பரவ வீதி இருக்கிறது. தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரவர்களின் பெயர். அந்தப் பெயராவது தப்பியது.

நமது ஆட்கள் துணிமூட்டை தூக்கிக் கிராமம் கிராமமாகப் போனார்கள், மாட்டுத் தவளம் கட்டிக் கண்டிப் பக்கம் உப்பும் கருவாடும் கொண்டுபோய்ப் பாக்கு கொண்டுவந்தார்கள். பிறகு நீராவிக் கப்பல் காலம் வந்தது. 1840களிலிருந்து பீ அன்ட் ஓ கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே நிற்கும். ஐரோப்பியச் செய்தி இலங்கைக்கு முதலில் வருவதே காலிக்குத்தான். தந்தி வரும் வரைக்கும் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை அந்தச் செய்திகளைப் புறாக்காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது. கப்பலால் இறங்குகிற வெள்ளைக்காரனுக்கு நமது ஆட்கள் மாணிக்கக்கல், ஆமையோட்டுச் சீப்பு, ரேந்தை விற்றார்கள். மாக்கான் மாக்கார் குடும்பத்தின் பெயர்பெற்ற மாணிக்க வியாபாரம் 1860இல் காலியில் தொடங்கியதுதான். இன்று கோட்டைக்குள் உல்லாசப் பயணிக்குக் கல் விற்கிற பையன், தான் ஏதோ புதுத் தொழில் செய்வதாக நினைத்திருப்பான்.

பிறகு அந்தக் காலமும் முடிந்தது. கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் வைத்தார்கள், 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி தூங்கிப்போனது. கோட்டைக்குள் இருந்த பறங்கிக் குடும்பங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழும்புக்குப் போனார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளைப் பெரும்பாலும் வாங்கியது யார்? நம்மட ஆட்கள். நீண்ட காலம் கோட்டைக்குள் கூரை மாற்றி, சுண்ணாம்பு பூசி, கறையானோடு சண்டை பிடித்து அந்த 'ஒல்லாந்தர் வீடுகளை' விழவிடாமல் வைத்திருந்தது அதிகமும் முஸ்லிம் குடும்பங்கள். 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமை என்று அறிவித்தபோது அவர்கள் மெச்சியதில் இந்த வீடுகளும் சேர்த்தி.

எங்கட உம்மாவின் வாப்பாவுக்கும் இங்கே ஒரு வீடு இருந்தது. எந்த வீதி என்று சொல்லவில்லை. முன்னால் தூண் வைத்த விறாந்தை, உள்ளே முற்றம், முற்றத்தில் ஒரு நெல்லிமரம். நோன்பு காலத்தில் அந்த முற்றத்தில் பாய் விரித்து எல்லாரும் ஒன்றாக நோன்பு திறந்தது எனக்கு ஞாபகம். உறுதியில் பார்த்தால் அப்பா அதை வாங்கியது ஒரு பறங்கிக் குடும்பத்திடம். அவர்கள் கப்பல் ஏறுகிற அவசரத்தில் இருந்திருப்பார்கள். நல்ல விலைக்கு விற்றிருக்க மாட்டார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா?

அப்பாவும் உம்மம்மாவும் மௌத்தான பிறகு பிள்ளைகள் ஐந்து பேர். இரண்டு ஆண், மூன்று பெண். ஷரீஅத் கணக்கில் ஏழு பங்கு. ஒரு முற்றத்தை ஏழாகப் பிரிப்பது எப்படி? கூரை ஒழுகியது. தொல்பொருள் பாதுகாப்புப் பகுதி என்றபடியால் நினைத்தபடி ஓடு மாற்றவோ சுவர் உடைக்கவோ ஏலாது, அனுமதி எடுக்க வேண்டும், பழைய முறையில் திருத்தக் காசு மூன்று மடங்கு. அந்த நேரம் பார்த்து 2002இல் வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்டவேண்டிய நூறு வீத வரியை அரசாங்கம் எடுத்துவிட்டது. சில வருடத்தில் வரி திரும்ப வந்தது, 2014இல் வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதையே கட்டுப்படுத்திச் சட்டமும் வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் எங்கட வீட்டு விறாந்தையிலும் ஒரு தரகர் வந்து இருந்தார். சாச்சி மட்டும் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று இரண்டு மாதம் அழுதார். கடைசியில் வைத்தார். அந்தக் காசில் மூன்று பேர் தளப்பிட்டியில் வீடு கட்டினார்கள். ஒரு பிள்ளை வெளிநாட்டில் படித்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அது ஒரு பூட்டிக் ஹோட்டல். இரண்டு வருடத்துக்கு முன் உள்ளே போய் ஒரு பிளேன்டீ கேட்டேன். நெல்லிமரத்தடியில் மேசை போட்டிருக்கிறார்கள். பரிமாற வந்த பையன் இங்கிலிஷில் பேசினான். மெனுவில் வீட்டின் வரலாறு என்று ஒரு பக்கம்: ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வீடு, பிறகு நேரே புதிய உரிமையாளர் திருத்திய கதை. நடுவில் இருந்த காலம் முழுக்க யாருமே குடியிருக்காத மாதிரி. நான் ஒன்றும் சொல்லாமல் காசைக் கட்டிவிட்டு வந்தேன். சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், கூரை ஒழுகவில்லை.

சரி, நடையைத் தொடருவோம். ஹொஸ்பிடல் வீதியில் பழைய ஒல்லாந்த வைத்தியசாலை இப்போது கடையும் சாப்பாடுமாக இருக்கிறது. விறாந்தையிலிருந்து கடலைப் பார்க்கலாம், காற்று நல்லது. தெற்கு முனைக்கு வந்தால் வெளிச்சவீடு. 1848இல் கட்டிய பழையது தீப்பிடித்து அழிந்த பிறகு 1939இல் எழும்பியது இது. (லைட்ஹவுஸ் ஸ்ட்ரீட்டால் நடந்தால் இங்கே வந்து சேரமாட்டீங்க. அது வேறு பக்கம் போகிறது. எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள்.)

வெளிச்சவீட்டுக்கு நேர் முன்னால் நமது மீரான் ஜும்ஆப் பள்ளி. 1904இல் கட்டியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அனேகம் பேர் இதைத் தேவாலயம் என்று நினைத்துத்தான் படம் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் கோபுரம், முகப்பு ஐரோப்பியப் பாணி, மேலே பிறை. கட்டிய மேசன்மாருக்கும் கட்டுவித்த வியாபாரிமாருக்கும் கண்ணுக்குப் பழகின அழகு அதுதான். அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. கோட்டைக்குள் இருக்கிற பௌத்த விகாரையின் முகப்பைப் பாருங்க, அதிலும் தேவாலயச் சாயல் இருக்கிறது. பள்ளிக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் தொழுவித்து, தரையிலே கொஞ்சநேரம் இருக்க விடுங்க. நடையிலே காசு வாங்காமல் குளிர்ச்சி தருகிற இடம் இது ஒன்றுதான்.

கோட்டைக்குள்ளேயே பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி இருக்கிறது. 1892இல் தொடங்கியது. துறைமுகம் கொழும்புக்குப் போய், ஊர் சரிந்துகொண்டிருந்த வருடங்களில் நமது ஆட்கள் மத்ரஸா தொடங்கினார்கள், அதற்குப் பிறகு இந்தப் பெரிய பள்ளியையும் எழுப்பினார்கள். வியாபாரம் குறைந்த காலத்தில் அவ்வளவு காசு எங்கேயிருந்து வந்தது என்று நான் கனநாள் யோசித்திருக்கிறேன். ஊரை விட்டுப்போக அவர்கள் நினைக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பள்ளியிலிருந்து மதிலில் ஏறி மேற்கே நடங்க. கொடிப்பாறையில் கடலுக்குள் குதிக்கிற பையன்மாரைக் காணலாம். உங்கட பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்க, மதிலுக்குக் கம்பி வேலி இல்லை. அப்படியே சுற்றி வந்தால், ஏயோலஸ் கொத்தளத்துக்கும் நட்சத்திரக் கொத்தளத்துக்கும் இடையில், மதிலுக்கு வெளியே கீழே ஒரு ஸியாரம். ஸியாரங்களைப் பற்றி நமக்குள் எத்தனை கருத்து வேறுபாடு இருந்தாலும், கோட்டை மதிலின் காலடியில் நமது ஒருவர் அடங்கியிருக்கிறார் என்பதை மேலே நின்று பார்த்துவிட்டுப் போங்க.

கடைசியாக மணிக்கூட்டுக் கோபுரம். 1883இல், அந்தனிஸ் என்ற பறங்கி டொக்டரின் ஞாபகத்துக்கு ஊர் மக்கள் எழுப்பியது. அதன் அடியில் நின்று வெளியே பார்த்தால் கிரிக்கெட் மைதானம். 1998 முதல் டெஸ்ட் நடக்கிறது. டிக்கட் இல்லாமல் மதிலில் இருந்து பார்த்தவர்கள் இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் இருப்பீங்க. 2004 டிசம்பர் 26 அன்று அந்த மைதானமும் பஸ் தரிப்பிடமும் தண்ணீரில் போனது. கோட்டை மதில் தாங்கியது. அன்றைக்குக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். போர்த்துக்கீசனும் ஒல்லாந்தனும் கட்டின அந்த மதிலுக்குள்ளே நமது ஆட்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

இனி ஒரு உதவி. கோட்டைக்குள் உங்கட குடும்பத்துக்கு வீடு இருந்திருந்தால், வீதிப் பெயர், எந்தக் காலம், யாரிடம் வாங்கியது, எப்போது விற்றது, இந்த நாலையும் எனக்குத் தனியாக அனுப்புங்க. பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது, உறுதியின் கொப்பி வேண்டாம். தரம் 10 பிள்ளைகள் ஒரு வரைபடம் கீறத் தொடங்கியிருக்கிறார்கள், பெட்லர் ஸ்ட்ரீட்டிலிருந்து. கேள்வி கேட்ட அந்த மகன்தான் மட்டம் பிடித்துக் கோடு போடுகிறான். தன் வாப்பாவின் வாப்பா இருந்த வீடு எது என்று அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு வீதி சொல்லுகிறார்களாம்.